யாக்கோபின் இரு பெயர்கள்: ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் தன் இளமையிற் செய்த தீங்கு, அவன் முற்றாக மாறிவிட்ட பின்னரும் அவனுடையதாகவே இருக்கின்றதா? மாறியவன் வேறொருவன் எனின், பழைய தீங்குக்கு விடைகூற வேண்டியவன் யார்? மாறாதவன் எனின், திருந்துதல் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? மெய்யியலாளர் பலர் கோட்பாட்டளவில் ஆராய்ந்த இவ்வினாவை, ஒரு மனிதனின் வாழ்விலும் அவன் தாங்கிய பெயரிலும் வைத்துக் காட்டும் பழைய வரலாறொன்று உண்டு. எபிரேய மறைநூலின் முதற்பகுதியாகிய ஆதியாகமத்தின் 25ஆம் அதிகாரம் முதல் 50ஆம் அதிகாரம் வரை விரவிக் கிடக்கும் யாக்கோபின் வரலாறே அது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் குலமுதல்வர் மூவருள் முதல்வனுக்கும் மூன்றாமவனுக்கும் இடைவாழ்விற் பெயர் மாற்றப்பட்டது. ஆபிராம் ஆபிரகாமான பின் அவன் வரலாற்றிற் பழைய பெயர் மீண்டும் வருவதில்லை. யாக்கோபோ இஸ்ரவேல் எனப் பெயர் பெற்ற பின்னரும் பெரும்பாலும் யாக்கோபு என்றே அழைக்கப்படுகிறான். இந்த வேறுபாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

பண்டைய செமித்திய மக்களிடையே பெயர் வெறும் அழைப்புக்குறி அன்று. பெயர் ஒருவனின் இயல்பைச் சொல்லும்; அல்லது அவனுக்காக வேண்டிக்கொள்ளப்பட்ட வாழ்வைச் சொல்லும். இரட்டைப் பிள்ளைகளுள் பின்னவனாகப் பிறந்த இவன், முன்னவனாகிய ஏசாவின் குதிகாலைப் பற்றியவாறு வெளிவந்தான் என்கிறது கதை. எபிரேயத்திற் குதிகால் 'அகேவ்' எனப்படும்; பிள்ளைக்கு இட்ட பெயர் 'யஅகோவ்'. தமிழில் 'யாக்கோபு' என எழுதும்போது இவ்வொலித்தொடர்பு மறைந்துவிடுகிறது. மூலமொழியிற் கேட்டவனுக்கோ அப்பெயரைச் சொல்லுந்தோறும் குதிகால் நினைவுக்கு வந்திருக்கும். அவ்வேரினின்றே ஏமாற்றுதல், பிறனுடைய இடத்தைக் கவர்தல் என்னும் பொருள்களும் பிறக்கின்றன. தமிழிற் 'காலை வாரிவிடுதல்' எனும் வழக்கு இதற்கு மிக நெருங்கியது. தந்தையின் ஆசியையும் இழந்த ஏசா, இவனுக்கு இப்பெயர் பொருத்தமாகத்தான் வாய்த்தது, இரண்டு முறை என்னைக் கவிழ்த்துவிட்டான் எனும் கருத்திற் கதறுகிறான். பிற்காலத்தில் எரேமியா தீர்க்கதரிசி தன் காலத்து மக்களைக் கண்டிக்கையில், உடன்பிறந்தவன் எவனையும் நம்பாதீர், ஒவ்வொருவனும் காலை வாருபவனே எனும் கருத்தைச் சொல்ல இதே வேர்ச்சொல்லை இரட்டித்து ஆள்கிறார். கேட்டவர் காதிற் குலமுதல்வனின் பெயரும் உடன் ஒலித்திருக்கும்.

ஆயின் மொழியாராய்ச்சியாளர் காட்டும் பொருள் வேறு. மேற்குச் செமித்திய மொழிகளில் இவ்வேருக்குக் 'காத்தல்' என்னும் பொருள் உண்டு. 'ஏல் காப்பாராக' எனும் கருத்துடைய ஒரு நீண்ட பெயரின் சுருக்கமே யஅகோவ் என்பது அவர்களுள் பலரின் கருத்து. எகிப்தை ஹிக்சோஸ் மன்னர் ஆண்ட காலத்து முத்திரைகளில் 'யாக்கூப்-ஹர்' என்னும் பெயர் காணப்படுவதால், இத்தகைய பெயர் அக்காலத்தில் வழங்கியதே என்பது தெளிவு. இது உண்மையாயின் ஒரு செய்தி புலப்படும். இப்பெயர் பிறக்கும்போது பழிச்சொல்லாக இருக்கவில்லை. காப்பை வேண்டும் நல்ல சொல்லாகவே இருந்தது. அதனைப் பழிச்சொல்லாக்கியது அதனைத் தாங்கியவனின் செயலே. பெயரே விதி என வாதிடுவோர் இவ்விடத்திற் சற்றுத் தயங்க வேண்டும். இன்னும் ஒன்று: இளைஞனான யாக்கோபை முதலில் அறிமுகப்படுத்துமிடத்து நூல் அவனை 'தாம்' என்று கூறுகிறது. குறைவற்றவன், நேரியவன் எனப் பொருள்படும் இச்சொல் யோபுவைப் புகழுமிடத்தும் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பு அதனைக் 'குணசாலி' என்றது. குணசாலி என்ற சொல் ஒரு பக்கம். அதனை அடுத்து, பசித்து வந்த தமையனுக்கு ஒரு கிண்ணம் பயற்றங்கூழை விலையாக வைத்துத் தலைமகன் உரிமையை வாங்கிய செய்தி மறுபக்கம். நூல் விளக்கம் எதுவும் தரவில்லை.

கூழ் விற்ற கதையிலாவது ஏசாவுக்கும் பங்குண்டு. அவன் தன் உரிமையை மலிவாக எண்ணினான். ஆசியைக் கவர்ந்த கதையில் அத்தகைய சமாதானத்துக்கு இடமில்லை. கண் மங்கிய ஈசாக்கு, மூத்தவனை வேட்டைக்கு அனுப்பி, அவன் சமைத்துத் தரும் உணவை உண்டு ஆசி வழங்கக் காத்திருக்கிறான். தாய் ரெபெக்காளின் ஏற்பாட்டில் இளையவன் தமையனின் ஆடையை அணிந்து, கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டியின் தோலைச் சுற்றிக்கொண்டு நுழைகிறான். முதியவனின் ஐயம் ஒவ்வொரு புலனாகத் தேடுகிறது. நீ யார் என்று வினவுகிறான். இத்தனை விரைவில் வேட்டை எவ்வாறு கிடைத்தது என்கிறான். அருகில் அழைத்துத் தடவிப் பார்க்கிறான். குரல் யாக்கோபுடையது, கைகள் ஏசாவுடையவை என்று தனக்குள் மயங்குகிறான். நீ என் மகன் ஏசாதானா என மீண்டும் கேட்கிறான். இறுதியில் முத்தமிடுகையில் ஆடையின் மணத்தை முகர்ந்து நம்புகிறான். மகன் ஒவ்வொரு கேள்விக்கும் பொய் சொல்கிறான். அவற்றுட் கொடியது, விரைவில் வேட்டை கிடைத்ததற்குக் கடவுளே காரணம் என்று அவர் பெயரையும் பொய்க்குத் துணை சேர்த்ததாகும். ஏமாற்றப்பட்டதை அறிந்ததும் ஈசாக்கு உடல் நடுங்குகிறான். ஏசா பெருங்குரலெடுத்துக் கசந்து அழுகிறான். உம்மிடம் இந்த ஒரே ஆசிதானா உண்டு தந்தையே என்று கேட்கிறான்.

இக்காட்சி பிற்கால உரைகாரருக்குப் பெருஞ்சங்கடமாயிற்று. கடவுள் தெரிந்துகொண்ட ஒருவன் பொய்யனாக இருப்பது எங்ஙனம்? பொய்யை எவ்விடத்தும் ஏற்காத அகுஸ்தீனார் (354-430) இச்செயல் பொய்யன்று, ஒரு மறைபொருள் என்று வாதிட்டார். யூத உரையாசிரியர் றாஷி (1040-1105) யாக்கோபின் விடையையே இரண்டாகப் பிரித்தார்: 'நான்' என்பது உணவு கொண்டுவந்தவனைக் குறிக்கும், 'ஏசா உமது தலைமகன்' என்பது தனி வாக்கியம். இவ்விளக்கத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. ஆனால் நீதிமன்றத்தில் இத்தகைய வாதத்தைக் கேட்கும் நடுவர் எவரும் புன்னகை செய்வர். மற்றொரு வாதம் இன்னும் வலிமையுடையது. பிள்ளைகள் கருவில் இருக்கும்போதே மூத்தவன் இளையவனுக்குப் பணிவான் எனும் இறைவாக்கு ரெபெக்காளுக்குக் கிடைத்திருந்தது. எனவே நிகழ வேண்டியதே நிகழ்ந்தது என்பர். நிகழ வேண்டியதாயின் அதற்குப் பொய் எதற்கு? முடிவு நல்லதாகவோ விதிக்கப்பட்டதாகவோ இருத்தல், வழியை நல்லதாக்கிவிடாது. தவிரவும் தந்தையின் நடுக்கத்தையும் தமையனின் அழுகையையும் இத்துணை விரிவாக எழுதிய ஆசிரியன், அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வாசகனுக்குச் சொல்ல விரும்பினான் என்று கொள்வது கடினம். ஏசாவைப் பெரும்பாலும் கொடியவனாகவே சித்திரிக்கும் ரபிமார் மரபும் இவ்வழுகையை மறக்கவில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட பெரேஷித் றப்பா என்னும் விளக்கநூல், ஏசாவை யாக்கோபு அழவைத்த அந்த ஓர் அழுகைக்கு விலையாகவே, பன்னெடுங்காலத்தின் பின் பாரசீகத்தின் சூசான் நகரில் யாக்கோபின் வழிவந்த மொர்தெகாய் அதே போற் கசந்து அழ நேர்ந்தது என்கிறது. தம் குலமுதல்வனுக்கு எதிராகத் தாமே கணக்கெழுதும் இந்த நேர்மை போற்றத்தக்கது.

தமையனின் சினத்துக்கு அஞ்சி ஆரானுக்கு ஓடிய யாக்கோபு, தாய்மாமன் லாபானிடம் 20 ஆண்டுகள் உழைக்கிறான். ராகேலுக்காக 7 ஆண்டுகள் வேலை செய்தவனுக்கு, மணவிரவின் இருளில் மூத்தவளாகிய லேயாள் கொடுக்கப்படுகிறாள். காலையிற் சீறியவனுக்கு லாபான் கூறும் விடை கூர்மையானது: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமன்று. லேயாளும் அவனை நோக்கி, உன் தந்தை ஏசா என்று அழைத்தபோது நீ ஏன் விடையளித்தாய் என்று கேட்டதாக மேற்குறித்த விளக்கநூல் புனைந்து கூறும். பின்னர் முதுமையில் அவனுடைய மக்களே யோசேப்பின் ஆடையை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, இது உம் மகனுடையதா பாரும் என்கின்றனர். ஆடும் ஆடையுமாகத் தந்தையை ஏமாற்றியவன், ஆடும் ஆடையுமாக மக்களால் ஏமாற்றப்படுகிறான்.

வாசகர் பலர் இவ்விடத்தில் நிறைவடைந்து நின்றுவிடுவர். வினை விதைத்தவன் வினை அறுத்தான், கணக்குத் தீர்ந்தது என்பர். ஆனால் யாருடைய கணக்குத் தீர்ந்தது? லாபான் யாக்கோபை ஏமாற்றியதால் ஏசாவுக்கு என்ன கிடைத்தது? தீங்கிழைத்தவன் துன்புறுவது வேறு. தீங்குக்கு உள்ளானவனுக்கு ஈடு செய்யப்படுவது வேறு. துன்பம் ஒருவனுக்குப் பிறர் நோவை உணர்த்தலாம். ஆயினும் அது தானாகக் கடனை அடைப்பதில்லை. யாக்கோபின் கதை லாபானின் வீட்டில் முடியாமல், ஏசா இருக்கும் திசை நோக்கித் திரும்புவதன் அறவியற் பொருத்தம் இதுவேயாகும்.

திரும்பி வரும் வழியில், ஏசா 400 பேருடன் எதிர்கொண்டு வருகிறான் என்ற செய்தி கிடைக்கிறது. யாக்கோபு அஞ்சுகிறான். கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான்; இறைவனை வேண்டுகிறான்; காணிக்கையாக மந்தைகளை முன்னே அனுப்புகிறான். இரவில் மனைவியரையும் பிள்ளைகளையும் யாப்போக்கு ஆற்றைக் கடக்கச் செய்துவிட்டுத் தனித்து நிற்கிறான். அப்போது ஒருவன் அவனுடன் விடியும்வரை மற்போரிடுகிறான். வந்தவன் மனிதனா, தேவதூதனா, கடவுளேயா என்பதை நூல் தெளிவாக்கவில்லை. ஓசியா தீர்க்கதரிசியின் நூல் தூதன் என்கிறது. அங்கே யாக்கோபு அழுது இரந்தான் என்றும் சொல்லப்படுகிறது. தொடைச்சந்து பிசகிய நிலையிலும் யாக்கோபு பிடியை விடாமல், என்னை ஆசீர்வதித்தாலன்றி விடேன் என்கிறான். உடனே ஆசி கிடைக்கவில்லை. ஒரு கேள்வியே வருகிறது: உன் பெயர் என்ன?

இக்கேள்வி தேவையற்றது போலத் தோன்றும். இரவு முழுதும் ஒருவனை நாடி வந்து போரிட்டவன் அவன் பெயரை அறியாதிருப்பானா? ஆயின் இதற்கு முன் ஆசி வேண்டி நின்ற வேளையில் இருளில் இருந்த தந்தை இதே பொருளில் நீ யார் என்று கேட்டான். அன்று வந்த விடை 'ஏசா' என்பது. இன்று இருளில் மீண்டும் ஆசி வேண்டி நிற்கிறான். மீண்டும் அக்கேள்வி எழுகிறது. இன்று வரும் விடை 'யாக்கோபு' என்னும் ஒரு சொல்லே. எபிரேயக் காதுக்கு அது பெயர் மட்டுமன்று; காலை வாருபவன் நான் என்னும் ஒப்புதலுமாகும். இஸ்ரவேல் என்னும் புதிய பெயர் அந்த ஒப்புதலுக்குப் பின்னரே வழங்கப்படுகிறது. கடவுளுடனும் மனிதருடனும் போராடி மேற்கொண்டவன் என்று நூல் அதற்குப் பொருள் கூறுகிறது. இத்தகைய பெயர்களிற் கடவுளே எழுவாயாக நிற்பது வழக்காதலின் 'ஏல் போராடுகிறார்' அல்லது 'ஏல் ஆள்வாராக' என்பதே பொருளாகலாம் என்பர் ஆராய்ச்சியாளர். எப்பொருளைக் கொண்டாலும், பழைய பெயரைத் தன் வாயாற் சொன்னவனுக்கே புதிய பெயர் கிடைத்தது என்பது மாறாது. விடிந்ததும் அவன் நொண்டி நடக்கிறான். மாற்றம் அவனுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை.

ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக், 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் சேர்த்த அதிகாரத்தில், ஒருவன் ஒரே ஆளாகத் தொடர்வது அவன் தன் கடந்தகாலச் செயல்களைத் தன்னுடையவை என்று உணர்வதாலேயே என்று வாதிட்டார். ஆள் என்னும் சொல் அவருக்குச் சட்டத்தோடும் பொறுப்போடும் தொடர்புடைய சொல். லொக்கின் கொள்கைக்கு எதிரான தடைகள் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. மறந்துவிட்டவன் குற்றமற்றவனாகிவிடுவான் என்பது அவற்றுள் ஒன்று. எனினும் யாப்போக்குக் கரையில் நிகழ்ந்ததை விளக்க அது உதவும். பழைய செயலைத் தன்னதென ஏற்பவன் ஒருவனாலேயே திருந்த இயலும். இளமையிற் பொய்யுரைத்தவன் வேறொருவன், நான் புதியவன் என்று கூறுபவன் திருந்தியவன் அல்லன். பெயரை மாற்றிக்கொண்டு தப்பியோடுபவன். அன்று 'நான் ஏசா' என்று கூறியதும் இத்தகைய தப்புதலே அன்றோ?

புதிய பெயர் பழைய கடனை அழிக்கவில்லை என்பதை மறுநாட் காலை காட்டுகிறது. இஸ்ரவேலாகிவிட்டேன் என்று அவன் ஏசாவைச் சந்திக்காமற் செல்லவில்லை. முன்னே அனுப்பிய காணிக்கையில் வெள்ளாடுகள் 220, செம்மறிகள் 220, குட்டிகளோடு பால்தரும் ஒட்டகங்கள் 30, பசுக்கள் 40, காளைகள் 10, கழுதைகள் 30 இருந்தன என்று நூல் எண்ணிச் சொல்கிறது. சகோதரருக்கு ஆண்டவனாய் இரு என்ற ஆசியைக் கவர்ந்தவன், தமையன் முன் ஏழுமுறை தரையில் விழுந்து வணங்குகிறான். 'என் ஆண்டவனே' என மீண்டும் மீண்டும் அழைக்கிறான். ஏசா, எனக்குப் போதுமானது உண்டு தம்பி, உன்னுடையது உனக்கே இருக்கட்டும் என்கிறான். யாக்கோபு வற்புறுத்துமிடத்து நூல் ஆளும் சொல் கூர்ந்து நோக்கற்பாலது. அதுவரை காணிக்கைக்கு வழங்கிய சொல் நீங்கி, 'என் ஆசியை ஏற்றுக்கொள்' எனும் பொருள்பட 'பெராகா' என்னும் சொல் வருகிறது. அன்று அழுத ஏசா, அவன் என் பெராகாவை எடுத்துக்கொண்டான் என்று முறையிட்ட அதே சொல் அது. ஆடுமாடுகளால் ஓர் ஆசியைத் திருப்பிக் கொடுக்க இயலாதுதான். ஆயினும் தான் எடுத்தது எது என்பதை அவன் அறிந்தே பேசுகிறான்.

இவ்விடத்தில் ஏசாவைப் பற்றியும் ஒரு சொல் கூறாது செல்லுதல் நீதியாகாது. அவனுடன் எந்தத் தூதனும் போரிடவில்லை. அவனுக்குப் புதிய பெயர் எதுவும் அருளப்படவில்லை. கொல்வேன் என்று சூளுரைத்தவன் 20 ஆண்டுகளின் பின் ஓடி வந்து தம்பியைத் தழுவி, கழுத்திற் சாய்ந்து முத்தமிட்டு அழுகிறான். அவன் நெஞ்சம் எவ்வாறு மாறியது என்பதை நூல் சொல்வதில்லை. எபிரேயப் பிரதிகளில் 'முத்தமிட்டான்' என்ற சொல்லின் எழுத்துக்களின் மேற் புள்ளிகள் இடப்பட்டுள்ளன. அதனைக் கொண்டு, அம்முத்தம் உளமார்ந்ததா என்று ரபிமார் விவாதித்தனர். முத்தமிட அன்று, கடிக்கவே வந்தான் என்று கூறியவரும் உண்டு. தீங்குக்கு உள்ளானவன் மன்னித்தாலும் அம்மன்னிப்பை ஐயுறும் வழக்கம் மிகப் பழையது போலும். யாக்கோபோ ஐயுறவில்லை, உன் முகத்தைக் காண்பது கடவுளின் முகத்தைக் காண்பது போன்றது என்கிறான். முந்தைய இரவிற் கடவுளை முகமுகமாய்க் கண்டேன் என்று அவ்விடத்துக்குப் பெனியேல் எனப் பெயரிட்டவன் கூற்று இது.

ஆனால் அதே அதிகாரத்தில், ஏறக்குறைய அதே மூச்சில், ஓர் இடறல். உடன்வருமாறு ஏசா அழைக்கிறான். பிள்ளைகளும் குட்டிகளும் மெல்லவே நடக்கும். நீ முன்னே செல், நான் சேயீரில் உன்னிடம் வந்து சேர்வேன் என்று யாக்கோபு வாக்களிக்கிறான். ஏசா சேயீருக்குத் திரும்புகிறான். யாக்கோபு சுக்கோத்துக்குச் சென்று அங்கே வீடு கட்டுகிறான். சேயீருக்கு அவன் சென்றதாக எங்கும் சொல்லப்படவில்லை. புதிய பெயர் பெற்ற சில மணி நேரத்துக்குள் பழைய பெயருக்குரிய செயல்! அவனைப் புனிதனாகக் காட்ட விரும்புவோர் இவ்வசனங்களை விரைந்து கடந்து செல்வர். அவனைக் கயவனாகக் காட்ட விரும்புவோர் இவற்றையே பற்றிக்கொள்வர். இரண்டும் பொருந்தா. யாப்போக்கில் நிகழ்ந்தது உண்மையான மாற்றமே. ஆனால் அது ஓர் இரவில் முடிந்துபோன மாற்றமன்று.

இரு பெயர்களும் கலந்து வருவதன் பொருளும் இதுவே எனலாம். பெத்தேலில் இனி நீ யாக்கோபு எனப்படாய், இஸ்ரவேல் எனப்படுவாய் என்று மீண்டும் கூறப்படுகிறது. அடுத்த சில வசனங்களில் 'யாக்கோபு' தூணொன்றை நிறுத்துகிறான். எகிப்துக்குப் புறப்படும் முதியவனை இரவுக் காட்சியிற் கடவுளே அழைக்கிறார். இஸ்ரவேலுடன் பேசினார் என்று தொடங்கும் அவ்வசனத்தில் அவர் வாயினின்று வரும் அழைப்பு 'யாக்கோபே, யாக்கோபே' என்பது. பெயரை மாற்றியவரே பழைய பெயரால் அழைக்கிறார். 19ஆம் நூற்றாண்டு முதல் விவிலிய ஆய்வாளர் இக்கலப்பை, வெவ்வேறு மூலங்கள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டதன் விளைவு என விளக்கி வந்துள்ளனர். அவ்விளக்கத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆபிராமின் பெயரை ஒழுங்காக மாற்றி எழுத முடிந்த தொகுப்பாசிரியர், யாக்கோபின் பெயரை அவ்வாறு ஒழுங்குபடுத்த முயலவில்லை. இன்று வாசகன் கையில் உள்ள நூல் இரு பெயர்களையும் ஒருங்கே சுமக்கும் நூலே.

130 வயதிற் பார்வோன் முன் நிற்கும் யாக்கோபு தன் வாழ்நாட்கள் சிலவும் துன்பமுமானவை என்று சுருங்கச் சொல்கிறான். அவ்விடத்து அவனிடம் தற்புகழ்ச்சியும் இல்லை, தன்னிரக்கமும் அதிகமில்லை. அதன்பின் 17 ஆண்டுகள் எகிப்தில் வாழ்கிறான். இறுதிக் காலத்தில் யோசேப்பு தன் மைந்தர் இருவரையும் ஆசி பெற அழைத்து வருகிறான். ஒரே வசனத்தில், வந்திருப்பதாக 'யாக்கோபுக்கு' அறிவிக்கப்பட, 'இஸ்ரவேல்' தன்னைத் திடப்படுத்திக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்காருகிறான். அவனுடைய கண்களும் இப்போது தன் தந்தையின் கண்களைப் போல் மங்கியுள்ளன. மூத்தவன் மனாசே வலப்புறமும் இளையவன் எப்பிராயீம் இடப்புறமும் அமையுமாறு யோசேப்பு நிறுத்துகிறான். முதியவனோ கைகளைக் குறுக்காக நீட்டி, வலக்கையை இளையவன் தலைமேல் வைக்கிறான். மீண்டும் மூத்தவனை முந்தி இளையவன். ஆனால் தோலில்லை, கடன்வாங்கிய ஆடையில்லை, பொய்ப்பெயர் இல்லை. ஒளிவின்றி, எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. யோசேப்பு தந்தையின் கையைப் பிடித்து மாற்ற முயல்கிறான். அவன் மறுத்து, அறிவேன் மகனே, அறிவேன் என்கிறான். மூத்தவனும் ஒரு மக்களினமாவான், அவனும் பெருகுவான் என்கிறான். ஒரே ஆசிதானா உண்டு தந்தையே என்று ஏசா அழுது கேட்டதற்குக் கிடைக்காத விடை மனாசேக்குக் கேளாமலே கிடைக்கிறது.